வல்ச்சர் டிராய்டு: ஓட்டுநர் இல்லாத போர் விமானம் பற்றிப் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

பள்ளி விடுமுறை நாள்களில் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் லெகோ கட்டும் வகுப்பு ஒன்றை நடத்துகிறேன். தமிழில் மட்டும் பேச வேண்டும், அவ்வளவுதான் விதி. மேசையில் நான் அடுக்கி வைக்கும் மாதிரிகளில் பிள்ளைகளின் கை முதலில் போவது வல்ச்சர் டிராய்டு மேல்தான். ஸ்டார் வார்ஸ் கதைகளில் ரோபோவுக்கு டிராய்டு என்று பெயர், அங்கே வரும் ரோபோ போர் விமானம் அது. வகுப்பில் பிள்ளைகள் கேட்டதையும், அப்புறம் பெற்றோர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கதையின் முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

வல்ச்சர் டிராய்டு என்றால் என்ன?

தானே பறந்து, தானே குறிபார்த்து, தானே சுடும் ஒரு சிறிய விண்வெளிப் போர் விமானம். விமானத்துக்குள் ரோபோ உட்கார்ந்து ஓட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, விமானமே ரோபோ. நடுவில் சின்னத் தலை, அதில் சிவப்பாக இரண்டு கீற்றுக் கண்கள், இரு பக்கமும் நீண்ட இறக்கைகள். இறக்கைகளில் ஒளிக்கீற்றுகளைச் சுடும் பிளாஸ்டர் பீரங்கிகள் நான்கு. இவை போக, டார்பிடோ ஏவும் குழாய்கள் இரண்டு.

கதையில் இதை முதலில் வைத்திருப்பது வணிகக் கூட்டமைப்பு. பெயரே சொல்வதுபோல் அவர்கள் வியாபாரிகள். சரக்குக் கப்பல்களுக்குள் படையை ஒளித்து வைத்திருப்பவர்கள். பிறகு குடியரசிலிருந்து பிரிந்து போகும் கூட்டணியின் படையிலும் இது இருக்கிறது.

பெயரைத் தமிழில் சொன்னால் 'கழுகு டிராய்டு' என்று வருமா?

பேச்சில் எல்லாவற்றையும் கழுகு என்றுதான் சொல்கிறோம். ஆனால் பிணம் தின்னும் பறவைக்குத் தமிழில் 'பாறு' என்று தனிப் பெயரே உண்டு. பழைய போர்ப் பாடல்களில் களத்துக்கு மேலே வட்டமிடுவது இதுதான். அந்த மாதிரி, தலையைத் தாழ்த்தி, தோளைக் குறுக்கி நிற்கிற தோற்றத்தைப் பார்த்தால் பாறு என்றே அழைக்கத் தோன்றும். என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இதற்குப் 'பாறு அண்ணன்' என்று பெயர் வைத்துவிட்டாள். இப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

எந்தப் படத்தில் பார்க்கலாம்?

முதலில் வந்தது 1999-இல் வெளியான 'தி ஃபேண்டம் மெனஸ்' படத்தில். பிறகு 2005-இல் வந்த 'ரிவெஞ்ச் ஆஃப் த சித்' படத்தின் தொடக்கத்தில் வரும் பெரிய விண்வெளிச் சண்டை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் நடக்கும் 'த குளோன் வார்ஸ்' அனிமேஷன் தொடரில் இதை நிறையவே பார்க்கலாம். அந்தத் தொடருக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பைலட் இல்லாததால் என்ன லாபம்?

முதலில் இடம். மனிதர் உட்கார வேண்டும் என்றால் இருக்கை, கண்ணாடி மூடி, சுவாசிக்கக் காற்று, வெப்பக் கட்டுப்பாடு, ஆபத்தில் வெளியே வர ஒரு வழி என்று எல்லாம் வேண்டும். அத்தனையையும் எடுத்துவிட்டால் விமானம் சிறுத்துவிடும். சிறியதாக இருந்தால் ஒரு கப்பலுக்குள் நிறைய அடுக்கலாம். ஒரே ஒரு வணிகக் கூட்டமைப்புப் போர்க்கப்பலில் 1500 வல்ச்சர் டிராய்டுகள் இருக்கும் என்று ஸ்டார் வார்ஸ் விவரநூல்கள் சொல்கின்றன.

அடுத்தது உடல். நிஜப் போர் விமானங்களில் கூர்மையாகத் திரும்பும்போது பைலட்டின் எடை பல மடங்கு கூடுவதுபோல் அழுத்தம் வரும். சிறப்பு உடையும் பயிற்சியும் உள்ளவர்களுக்கே ஒன்பது மடங்குதான் ஏறக்குறைய எல்லை. அதற்கு மேல் போனால் தலைக்கு ரத்தம் போய்ச் சேராமல் மயங்கிவிடுவார்கள். இயந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை, சட்டகம் தாங்கும் வரை திரும்பலாம்.

பணம் மூன்றாவது. கதையில் இதுதான் முதல் காரணம் என்பேன். பைலட்டைப் பயிற்றுவிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். வியாபாரிகள் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள்.

அது நடக்குமாமே, உண்மையா?

உண்மைதான், நான் இதன்மேல் ஆசைப்பட்டதே அதனால்தான். ஒவ்வொரு இறக்கையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். பிளந்த நான்கு முனைகளும் கீழே ஊன்றி நான்கு கால்களாகிவிடும், தலை மேலே எழும். ஓடுபாதை, சக்கரம் எதுவும் வேண்டாம். தரையில் இறங்கிக் காவல் நிற்கலாம், கப்பலின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கலாம்.

லெகோவில் கட்டும்போது இது கையில் புரியும். கீல் துண்டு கொஞ்சம் தளர்ந்தாலும் நான்கு கால்களில் ஒன்று மடங்கி மாதிரி முன்பக்கமாகக் குப்புற விழும். எடை முழுவதும் தலையில் இருப்பதுபோல் தெரியும், ஆனால் அதைத் தாங்குவது பின்னங்கால்கள்தான். போன டிசம்பரில் ஒரு பையன் அரைமணி நேரம் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் பின் இறக்கைகளை ஒரு பல் மட்டும் வெளியே திருப்பினான். டக்கென்று நின்றது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதைச் செய்தது யார்?

கதைக்குள் என்றால், ஸி சார் என்னும் பூச்சி போன்ற இனத்தவர். அவர்களுக்கு நுட்பமான உற்பத்தியே மதம், தொழிற்சாலைதான் கோவில். நம் வீட்டில் ஆயுத பூசையன்று திருகாணிச் சுற்றிக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிறோமே, அதை வருடம் முழுக்கச் செய்கிற மக்கள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன், உடனே புரிந்துகொள்வார்கள். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் ஹாவோர் சால்.

கதைக்கு வெளியே என்றால், 1999 படத்தின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டக் சியாங். தைவானில் பிறந்தவர். அந்தப் படத்தின் விண்கலங்களுக்கு ஒரு பாணி கொடுத்த குழு அது.

1999 படத்தில் எல்லா டிராய்டுகளும் ஒரே நொடியில் செத்து விழுந்தது ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

முதலில் கதை. வணிகப் பாதைகளுக்கு வரி போட்டதற்கு எதிர்ப்புக் காட்ட, வணிகக் கூட்டமைப்பு நபூ என்ற அமைதியான கோளைக் கப்பல்களால் சுற்றி வளைக்கிறது. ஒரு பொருள் உள்ளே போக முடியாது, வெளியே வர முடியாது. துறைமுகத்தால் வாழ்கிற ஊரில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. "அரிசி வராதா சார்?" என்று ஒருவன் கேட்டான். வராது, அதுதான் முற்றுகை.

கூட்டமைப்பின் படையில் தரையில் நடக்கும் ரோபோ வீரர்களும் வானில் பறக்கும் வல்ச்சர்களும் எண்ணிக்கையில் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நல்ல மூளை வைத்தால் செலவு கூடும். அதனால் மூளையை ஓரிடத்தில் வைத்தார்கள்: மேலே நிற்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கப்பல். அங்கிருந்து வரும் கட்டளை அலையில்தான் கீழே எல்லாம் ஓடும்.

ஒன்பது வயதுச் சிறுவன் அனகின், ஒளிந்துகொள்ள ஏறிய விமானம் தானாகக் கிளம்பிப் போய்ச் சண்டையின் நடுவே விடுகிறது. சுற்றிச் சுற்றி, அந்தக் கட்டுப்பாட்டுக் கப்பலின் உள்ளேயே போய் விழுகிறான். அவன் விட்ட டார்பிடோ உள்ளிருந்த உலையில் படுகிறது. கப்பல் வெடிக்கிறது. அலை நிற்கிறது. கீழே புல்வெளியில் துப்பாக்கியோடு நின்ற ரோபோக்கள் அப்படியே தலை தொங்கிப் போகின்றன. நபூவின் பக்கம் நின்று சண்டை போடும் ஜார் ஜார் ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறான், அது மரக்கட்டை மாதிரிச் சாய்ந்து விழுகிறது. ஆயிரக்கணக்கான பீரங்கிகள், ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். எதிரிகள்தான், இருந்தாலும் அந்த இயந்திரங்கள்மேல் பரிதாபம் வரும். கால் இருந்தது, இறக்கை இருந்தது, கண் இருந்தது. முடிவெடுக்கும் உரிமையை மட்டும் யாரோ மிச்சம் பிடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தவறைத் திருத்திக்கொண்டார்களா?

பாதி. அடுத்து, குடியரசுக்கும் பிரிந்து போன கூட்டணிக்கும் நடந்த குளோன் போர்க் காலத்தில் டிராய்டுகள் ஒரே கப்பலை நம்பித் திரிவதில்லை, தனித்தனியாகச் சண்டை போடுகின்றன. ஆனால் ஒட்டுமொத்தமாக நிறுத்தும் பொத்தான் ஒன்று எங்கோ இருந்துகொண்டேதான் இருந்தது. 2005 படத்தின் கடைசிப் பகுதியில் அது தெரியும். எல்லா டிராய்டுகளையும் உடனே நிறுத்தும்படி கட்டளை போகிறது, போர் முடிந்துவிடுகிறது. அந்தக் கட்டளையைக் கொடுக்கச் சொன்னவர் பேரரசராகப் போகிறவர். அந்தப் படையைப் பின்னாலிருந்து ஆட்டிவைத்தவரும் அவர்தான்.

முதல் முறை எதிரி தற்செயலாக அணைத்தான், இரண்டாம் முறை முதலாளியே அணைத்தார். டிராய்டுகள் தரப்பிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

மரினா பேயில் பார்த்தோமே, அந்த டிரோன்களும் இதே மாதிரிதானா? ஒரு கம்ப்யூட்டர் நின்றால் எல்லாம் தண்ணீரில் விழுமா?

நல்ல கேள்வி. 2024 சீனப் புத்தாண்டின்போது மரினா பேயில் 1500 டிரோன்கள் சேர்ந்து டிராகன் உருவம் காட்டின. அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். டிராகனின் தாடி மயிர் அசைந்தபோது, "ஒன்றோடு ஒன்று மோதாதாடா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு போர்க்கப்பலின் வல்ச்சர் கணக்கும் 1500 தானே என்று அப்போது எனக்குள் ஓடியது.

ஆனால் அமைப்பு வேறு. இப்படிப்பட்ட காட்சிகளில் ஒவ்வொரு டிரோனுக்கும் அதன் பாதை முன்கூட்டியே ஏற்றப்பட்டிருக்கும்: இந்த நொடியில் இந்த இடத்தில் இந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்று. செயற்கைக்கோள் வழியே தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். தரையில் இருக்கும் கம்ப்யூட்டர் கிளம்பச் சொல்லும், கண்காணிக்கும், ஏதாவது ஆனால் நிறுத்தச் சொல்லும். நொடிக்கு நொடி கையைப் பிடித்து நடத்துவதில்லை. தொடர்பு அறுந்துபோனால் செய்ய வேண்டியதும் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும், இல்லாவிட்டால் மெதுவாக இறங்கும். கடையில் வாங்கும் நல்ல டிரோன்களிலும் இந்த ஏற்பாடு உண்டு.

நபூவில் டிராய்டுகளுக்கு இந்த ஒரு வரி இருந்திருந்தால், "அலை வரவில்லையென்றால் வீடு திரும்பு" என்று யாராவது எழுதியிருந்தால், கதை வேறு மாதிரி போயிருக்கும்.

சிங்கப்பூருக்கும் வல்ச்சர் டிராய்டுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு நேரானது. ஸ்டார் வார்ஸ் படங்களை எடுக்கும் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் 2005-இல் சிங்கப்பூரில் அனிமேஷன் ஸ்டூடியோ தொடங்கியது. 2008-இல் வெளிவரத் தொடங்கிய 'த குளோன் வார்ஸ்' தொடரின் அனிமேஷன் வேலையில் இங்கிருந்தவர்களுக்கும் பங்கு உண்டு, தைவான் ஸ்டூடியோ ஒன்றும் சேர்ந்து செய்தது. ஆக, தொலைக்காட்சியில் சீறிப் பாய்ந்த அந்தத் தொடர் உருவானதில் எம்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போய் வந்த கைகளும் இருந்தன.

2014-இல் ஒன்-நார்த் வட்டாரத்தில் அவர்களுக்கெனத் திறந்த கட்டடத்துக்குப் பெயர் சாண்ட்கிராலர். ஸ்டார் வார்ஸில் ஜாவாக்கள் என்ற குட்டை உருவத்தினர் பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டு போகும் பெரிய வண்டியின் பெயர் அது. கட்டடமும் அந்த வண்டி மாதிரியே சாய்ந்த கண்ணாடிச் சுவரோடு, குதிரை லாட வடிவில் இருக்கும். முன்னால் கதையில் வரும் யோடாவின் சிலையும் வைத்திருந்தார்கள். பூன விஸ்தா நிலையத்தில் இறங்கி நடந்துபோய்ப் பார்க்கலாம். நான் எத்தனையோ தடவை வேலை முடிந்து அந்தப் பக்கமாகவே சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

சிங்கப்பூர் ஸ்டூடியோவை மூடப்போவதாக 2023 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 300-க்கும் மேற்பட்டவர்களின் வேலை. தொலைதூரத்தில் எடுத்த ஒரு முடிவில் இங்கே விளக்கு அணைந்தது. அந்த வாரம் அந்தப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை. இங்கே வேலை கற்றவர்கள் இங்கேயும் வெளியூரிலும் தொடர்ந்து படம் செய்துகொண்டிருப்பார்கள் என்பதே ஆறுதல்.

இதே மாதிரி வேறு டிராய்டு விமானங்கள் உண்டா?

உண்டு. மூன்று கைகள் கொண்ட ட்ரை-ஃபைட்டர், வல்ச்சரைவிடப் புத்திசாலி, விலையும் அதிகம். குண்டு போடும் ஹயீனா, இது வல்ச்சரின் பெரிய தம்பி போல இருக்கும். 2005 படத்தில் ஏவுகணை வெடித்துச் சிதறும்போது அதிலிருந்து உருண்டைகளாக வந்து விமானத்தில் ஒட்டிக்கொள்ளும் பஸ் டிராய்டுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவை சுடாது. சின்னச் சின்னக் கைகளால் திருகாணி கழற்றி, கம்பி அறுத்து விமானத்தையே பிரித்துப் போட்டுவிடும். பிள்ளைகளுக்கு இதைக் கண்டால்தான் பயம்.

விண்வெளியில் இறக்கை எதற்கு? சத்தம் எப்படிக் கேட்கிறது?

காற்றில்லாத இடத்தில் இறக்கையால் தூக்க முடியாது, சத்தமும் பரவாது. சத்தம் படத்துக்காக. வல்ச்சருக்கு இறக்கை நியாயம்தான்: அது கோளின் காற்றுமண்டலத்திலும் பறக்கிறது, கீழே வந்தால் அதுவே கால், பீரங்கியும் அதில்தான்.

நிஜத்தில் இப்படிப்பட்ட போர் விமானங்கள் இருக்கின்றனவா?

விண்வெளியில் இல்லை. வானத்தில் வந்துவிட்டன. அமெரிக்காவின் எக்ஸ்கியூ-58ஏ 'வால்கிரி' என்ற பைலட் இல்லாத விமானம் 2019 மார்ச்சில் முதல்முறை பறந்தது. ஆஸ்திரேலியாவில் உருவான 'கோஸ்ட் பேட்' 2021-இல் பறந்தது. மனிதர் ஓட்டும் போர் விமானத்துக்குப் பக்கத்தில் துணையாகப் பறக்க வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம். எஃப்-16 விமானத்தை மாற்றியமைத்து உருவாக்கிய எக்ஸ்-62ஏ-வைச் செயற்கை நுண்ணறிவு ஓட்டி, மனிதர் ஓட்டிய எஃப்-16-ஓடு வானில் சண்டைப் பயிற்சி செய்து பார்த்திருக்கிறது. உள்ளே பாதுகாப்புக்காகப் பைலட்டும் இருந்தார்.

நம் சிங்கப்பூர் ஆகாயப் படையிலும் ஹெரான்-1, ஹெர்மிஸ்-450 போன்ற ஆளில்லா விமானங்கள் உண்டு. அவற்றைத் தரையில் உட்கார்ந்து மனிதர்கள் இயக்குகிறார்கள். தேசிய சேவைக்குப் போகப்போகும் பையன்களின் கண் இந்த இடத்தில் விரியும்.

இதைப் பேசும்போது நான் பிள்ளைகளிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். யாரைச் சுடுவது என்று இயந்திரமே முடிவெடுக்கலாமா என்பது இன்று உலக நாடுகள் உட்கார்ந்து பேசும் விஷயம். எனக்கு அதில் சம்மதமில்லை, சுடும் முடிவு ஒரு மனிதரின் மனச்சாட்சி வழியாகப் போயே ஆக வேண்டும். வல்ச்சர் டிராய்டை மேசையில் வைத்து ரசிக்கிற நானே இதைச் சொல்கிறேன்.

லெகோவில் கிடைக்குமா?

முதல் பெட்டி 1999-இலேயே வந்தது, எண் 7111. 2014-இல் 75041. இரண்டும் இப்போது கடைகளில் புதிதாகக் கிடைக்காது, பழைய லெகோ விற்பவர்களிடம் தேட வேண்டும். வீட்டில் இருக்கும் சாம்பல் நிறத் துண்டுகளை வைத்தே கட்டலாம், எங்கள் வகுப்பில் அப்படித்தான். நல்ல கீல் நான்கு இருந்தால் போதும்.

வல்ச்சர் மாதிரி டிரோன் செய்து புளோக்குக்குக் கீழே பறக்கவிடலாமா?

விதிகளைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். சிங்கப்பூரில் மொத்த எடை 250 கிராமுக்கு மேல் என்றால் பறக்கவிடும் முன் பதிவு செய்ய வேண்டும். விமான நிலையம், ஆகாயப் படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும், 200 அடிக்கு மேலும் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது. இந்தச் சின்னத் தீவில் 5 கிலோமீட்டர் வட்டங்களை வரைந்து பார்த்தால் மீதி எவ்வளவு குறைவு என்று தெரியும். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் இணையப் பக்கத்தில் வரைபடம் இருக்கிறது, பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள்.

"எல்லா வல்ச்சரும் அணைஞ்சிடுச்சா மாமா? ஒண்ணுகூட மிச்சமில்லையா?"

என் அக்கா மகன் படம் முடிந்ததும் கேட்டது இது. இரவு பத்து மணி இருக்கும், மறுநாள் பள்ளி.

மிச்சம் இருந்தது. 'ஸ்டார் வார்ஸ் ரெபல்ஸ்' என்ற அனிமேஷன் தொடரில் 2017-இல் வந்த ஒரு பகுதியில், போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பாழடைந்த தளத்தில் டிராய்டுகள் விழித்திருக்கின்றன. அவற்றின் தளபதி கலானி என்ற வயதான டிராய்டு. அணையும்படி கட்டளை வந்தபோது அவர் அதை நம்பவில்லை. எதிரியின் தந்திரமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டு, கட்டளையை ஏற்க மறுத்துவிட்டார். அதனால் அவருடைய வீரர்கள் பிழைத்தார்கள், துருப்பிடித்த வல்ச்சர்களும் பிழைத்தன.

"அப்போ அவர் சொன்ன பேச்சைக் கேக்கலையா?" என்றான்.

கேட்கவில்லை என்றேன். மேசையிலிருந்த பாறு அண்ணனை எடுத்து, இறக்கைகளைப் பிளந்து, தலைமாட்டில் நான்கு காலில் நிற்க வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான்.